ஒலிந்தாவின் பாதி வீடு

அந்தச் சுவரைக் கட்டியவன் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஆற்றங்கரை ஊரான மகங்கேயில் படகுத்துறையிலிருந்து மூன்றாவது தெருவில் தோன் சிக்ஸ்தோ தூரிசோவுக்கு ஒரு வீடு இருந்தது. அகலமான வீடு. தெருவைப் பார்த்து நான்கு சன்னல், நடுவில் கதவு, மேலே ஓட்டுக் கூரை. அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் ஒலிந்தா படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தாள். இருபத்தேழு வருஷம் ஒரே கவுண்டர். மொம்போசுக்கோ எல் பாங்கோவுக்கோ போகிற யாரும் அவள் கையால் டிக்கெட் வாங்காமல் ஆற்றில் இறங்கியதில்லை. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணை எத்தனை வயதானாலும் 'நீன்யா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். சிறுமி என்று அர்த்தம். கல்யாணமானவள் என்றால் 'தோன்யா', பெரிய மனுஷர் என்றால் 'தோன்'. ஐம்பது வயதில் நரைத்த தலையோடு கவுண்டரில் நின்றவளை ஊரே நீன்யா ஒலிந்தா என்றது. இளையவள் பெத்சபே வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைத்தாள். வேலை தேடி வெனிசுவேலாவுக்குப் போன அவள் புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். யாதீரா என்று ஒரே மகள். அவளும் கல்யாணமாகி கார்த்தஹேனாவுக்குப் போய்விட்டாள்.

ஒலிந்தாவுக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. ஒரு கதவு கிரீச்சிட்டால் அன்று சாயங்காலமே எனக்கு ஆள் வரும். ஓடு மாற்றுவது, குழாய் மாற்றுவது, தண்ணீர்த் தொட்டிக்குப் பூச்சு, கழிவறைக்குப் புதுப் பீங்கான் எல்லாமே அவள் சம்பளத்தில் நடந்தவை. மழைக்காலத்தில் எந்த ஓட்டின் கீழே ஈரம் கசியும் என்று கூரையில் ஏறிய எனக்குத் தெரிவதற்கு முன்னால் தரையில் நின்ற அவளுக்குத் தெரியும்.

தோன் சிக்ஸ்தோ கடைசி மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் புரட்டியது, குளிப்பாட்டியது, மூத்திரத் துணி அலசியது எல்லாம் பெத்சபே. ஒலிந்தா காலை ஐந்தரைக்குத் துறைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். கிழவர் போய், ஒன்பதாம் நாள் ஜெபமும் முடிந்து, வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிய அன்று இரண்டு பேரும் வாசலில் நின்று பேச ஆரம்பித்தார்கள். வீடு யாருக்கு என்றுதான் பேச்சு. இந்தக் கூரை இன்னும் நிற்கிறது என்றால் அது தன்னால் என்றாள் ஒலிந்தா. "கூரைக்குக் கீழ படுத்திருந்தவரை யாரு தொடச்சுவிட்டா?" என்று கேட்டாள் பெத்சபே. அதற்கு ஒலிந்தா சொன்ன பதிலை நான் இங்கே எழுத மாட்டேன். அப்பாவுக்கு மருந்து சரியாகக் கொடுத்தாயா என்கிற மாதிரியான ஒரு பேச்சு. தெருவில் நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

வக்கீல்கள் வீட்டை நடுவில் பிளந்தார்கள். அளக்க வந்தவன் கூடத்தின் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தான். வாசல் கதவும் தண்ணீர்த் தொட்டியும் ஒலிந்தாவுக்கு வந்தன. சமையலறையும் மாமரமும் பெத்சபேக்கு. பெத்சபே ஒரு சன்னலை இடித்துக் கதவு வைத்துக்கொண்டாள். ஒலிந்தா பின்கட்டில் ஒரு அடுப்பு மூலை கட்டிக்கொண்டாள். நான் கோட்டின் மேல் செங்கல் வைத்து, மச்சுப்பலகை வரைக்கும் சுவரை எழுப்பினேன். அதற்கு மேலேயும், கூரை முகடு வரைக்கும் கொண்டுபோய் அடைத்துவிடலாம் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அவள் வந்து கேட்டால் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதனால் மச்சுப்பலகைக்கு மேலே அந்த வீடு பிரியவே இல்லை. எலிக்கும் வௌவாலுக்கும் அது பழையபடி தோன் சிக்ஸ்தோவின் வீடுதான்.

முதலில் எலி. ஒலிந்தா தன் பக்கத்து மச்சில் பசை அட்டை வைத்தாள். எலிகள் பெத்சபே பக்கம் போய், கிறிஸ்துமஸுக்குத் தைத்து வைத்திருந்த பட்டு கவுனைக் கடித்துக் குதறின. பெத்சபே பூனை வளர்த்தாள். பூனை மச்சில் ஏறி ஒலிந்தாவின் கட்டிலுக்கு நேர் மேலே குட்டி போட்டது. பூனையோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது. ஒலிந்தா கால் முழுக்கச் சொறிந்துகொண்டே டிக்கெட் கொடுத்தாள். பிறகு பெத்சபே எலி மருந்து வைத்தாள். மருந்து தின்ற எலி எங்கே போய்ச் சாகும் என்று யாருக்குத் தெரியும்? ஒலிந்தாவின் அலமாரிக்கு மேலே செத்துக் கிடந்தது. நான்கு நாள் நாற்றம். ஐந்தாவது நாள் நான் ஏறி எடுத்தேன். அந்த எலியை ஒரு காகிதத்தில் சுற்றித் தங்கை வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னாள் ஒலிந்தா. நான் மாட்டேன் என்றேன். அவளே போய் வைத்தாள்.

கேட்க வேண்டியதை நேரே கேட்க முடியாததால் பெத்சபே தன் ரேடியோவோடு பேசப் பழகிக்கொண்டாள். பாட்டை நிறுத்திவிட்டு உரத்த குரலில், "சில பேருக்குச் செத்த எலி கூட சொத்துல பங்கு மாதிரி, பத்திரமா கொண்டு வந்து குடுக்குறாங்க," என்பாள். இந்தப் பக்கம் ஒலிந்தா துடைப்பத்தைச் சுவரில் இடித்துப் பதில் சொல்லுவாள். மாமரத்தின் வேர் சாக்கடைக் குழாயில் புகுந்து, பெத்சபேயின் சமையலறைத் தண்ணீர் ஒலிந்தாவின் கழிவறையில் மேலேறி வந்த வருஷம், துடைப்பம் இடித்த இடத்தில் பூச்சு உதிர்ந்தது. அதையும் நான்தான் பூசினேன்.

ஒலிந்தா கரப்பானுக்கு மருந்தடித்தால் கரப்பான் தங்கையிடம் போகும். அவள் அடித்தால் திரும்பி வரும். எனக்கு இரண்டு பக்கமும் வேலை இருந்தது. அந்த வருஷங்களில் நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

ஒலிந்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயது நடந்தபோது ஒரு விஷயம் வந்தது. அர்னுல்போ என்று ஒரு படகோட்டி, மனைவியை இழந்தவன், சாது. டிக்கெட் கவுண்டரில் தினமும் நின்று பேசுவான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். ஒலிந்தா வாசல் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னாள். கவுண்டரில் யாராவது கிண்டல் செய்தால் திட்டாமல் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அந்த நாட்களில்தான் நான் பார்த்தேன்.

அந்த வருஷம் மச்சில் வௌவால் பெருகியிருந்தது. ஒலிந்தா தன் பக்கம் முழுக்க அந்துருண்டையைத் துணியில் முடிந்து தொங்கவிட்டாள். வௌவால்கள் நகர்ந்து போயின. பெத்சபே தன் பக்கத்தில் காய்ந்த மிளகாயைப் புகைத்தாள். அவை திரும்பி வந்து, சுவருக்கு மேலே சரியாக நடுவில் தங்கிவிட்டன. எச்சம் மூட்டை மூட்டையாகப் பலகை மேல் சேர்ந்தது. பலகை தொங்குகிறது, மாற்ற வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் செய்யலாம் என்றாள் ஒலிந்தா. அந்த ஞாயிற்றுக்கிழமை அர்னுல்போ சாப்பிட உட்கார்ந்தான். போகாச்சிகோ மீன் சூப், யூக்காக் கிழங்கு, வாழைக்காய். மச்சுப்பலகை உடைந்து இரண்டு கூடை எச்சம் மேசை மேல் கொட்டியது. சூப்பில், தட்டில், அர்னுல்போவின் தலையில். சுவருக்கு அந்தப் பக்கம் பெத்சபேக்கு என்ன நடந்தது என்று புரிந்திருக்க வேண்டும். சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள் என்று தெரு சொல்கிறது.

அர்னுல்போ பிறகு வரவே இல்லை. ஒரு வெட்கத்தில்தான் வரவில்லை என்று நான் நினைத்தேன். ஒரு நாள் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவனே சொன்னான்.

"எச்சம் விழுந்தா என்ன, மேஸ்திரி? குளிச்சா போயிடும். ஆனா அந்தப் பொம்பளை சுவத்தைப் பாத்துப் பேசின பேச்சு இருக்கே. நான் அங்க உக்காந்திருக்கிறதையே மறந்துட்டா. தங்கச்சி புருஷன் ஓடிப்போனதுலேருந்து அப்பன் மூத்திரத் துணி வரைக்கும் ஒண்ணு விடல. தலையெல்லாம் எச்சத்தோட நின்னு கேட்டேன். நாளைக்கு எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை வந்தா?"

அவன் சொன்னதை நான் ஒலிந்தாவிடம் சொல்லவில்லை. பெத்சபேயின் சிரிப்புதான் அவனைத் துரத்தியது என்று அவள் நம்பினாள். அவளை அப்படியே நம்ப விட்டேன். சுவருக்கு அடுத்து, அது என்னுடைய இரண்டாவது தப்பு.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நிலைமை இன்னும் மோசமானது. முன்பு பகல் முழுக்கத் துறையில் இருப்பாள். இப்போது பகல் முழுக்க அந்தப் பாதி வீட்டில் இருந்தாள். எறும்பு எந்த வழியாக வருகிறது என்று முழங்கால் போட்டுப் பின்தொடர்ந்து போவாள். குழாய் சொட்டினால் விநாடியை எண்ணுவாள். தேள் ஒன்றை ஒரு போத்தலில் அடைத்து எனக்குக் காட்டுவதற்காக மூன்று நாள் வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் காரணம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். குப்பை அள்ளுவதில்லை, மாவிலை பெருக்குவதில்லை, பழம் அழுகிக் கிடக்கிறது. அதில் பாதி உண்மையும்கூட.

ஏப்ரலில் முதல் மழை பெய்த மறுநாள் வீட்டுக்குள்ளிருந்து ஈசல் கிளம்பியது. வெளியிலிருந்து விளக்குக்கு வருகிற ஈசல் இல்லை, மச்சிலிருந்து இறங்கியவை. பெத்சபே மேசையில் விரித்திருந்த ஞானஸ்நான உடையின் மேல் இறக்கைகள் உதிர்ந்து மூடிக் கிடந்தன. ஒலிந்தா பக்கமும் முறத்தில் அள்ளுகிற அளவுக்கு இறக்கை. ஈசல் வெளியே வந்தால் கரையான் உள்ளே பல வருஷமாகக் குடியிருக்கிறது என்று அர்த்தம். நான் மேலே ஏறினேன்.

முகட்டு உத்திரம் ஒரே நீளமான மரம். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், சுவருக்கு மேலாக, இரண்டு வீட்டையும் தாங்கிக்கொண்டு போகிறது. கைமரங்கள் எல்லாம் அதன் மேல்தான் சாய்ந்திருக்கின்றன. அதன் அடிவயிறு முழுக்க மண் குழாய் ஓடியிருந்தது. ஒலிந்தா பக்கத்தில் திருப்புளியால் குத்தினேன். அரை விரல் இறங்கியது. பெத்சபே பக்கம் தவழ்ந்து போய்க் குத்தினேன். வெந்த யூக்காக் கிழங்கில் இறங்குவதுபோல் பிடி வரைக்கும் போய்விட்டது. மேலே பெயின்ட் மட்டும்தான் மரமாக இருந்தது.

இறங்கி நேராகப் பெத்சபே வீட்டுக்குப் போனேன். மெஷினை நிறுத்தாமலே யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள்.

"யாரும் அனுப்பல, தோன்யா பெத்சபே. உத்திரம் போயிருச்சு. ரெண்டு பக்கமும் சேர்ந்து மாத்தணும். தனித்தனியா செய்ய முடியாது."

"அப்ப அவ வந்து கேக்கட்டும். அங்க கதவு இருக்குல்ல, தட்டட்டும்."

"உங்க தலைக்கு மேலதான் மோசம்."

மெஷின் நின்றது. "மேஸ்திரி, எங்கப்பாவை ஒரு தடவை புரட்டிப் போட ஆள் வேணும்னு மூணு வருஷம் கூப்பிட்டேன். டூட்டி இருக்கு, டூட்டி இருக்குன்னா. அந்த மனுஷன் எடை முழுக்க இந்த இடுப்புலதான் இருந்துச்சு. இப்ப உத்திரத்துக்கு மட்டும் நான் கூட்டா? வந்து கேக்கட்டும். வாயைத் தொறந்து கேட்டா நாளைக்கே மாத்திடலாம்."

இதை ஒரு நம்பிக்கையாக எடுத்துக்கொண்டு ஒலிந்தாவிடம் ஓடினேன். நான் சொன்னதை அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.  கேட்டு முடித்ததும் வெட்டச் சொன்னாள்.

"எதை?"

"உத்திரத்தை. சுவருக்கு நேரா வெட்டிடுங்க. என் பக்கத்துக்கு நல்ல மரமா புதுசு போடுங்க. சுவரையும் முகடு வரைக்கும் ஏத்தி அடைச்சிடுங்க. ஒரு பூச்சி பொட்டு இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது."

"வெட்டினா அந்தப் பக்கம் நிக்காது, நீன்யா ஒலிந்தா."

"இப்ப மட்டும் நிக்குதா? போயிருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."

நான் மூன்று நாள் யோசித்தேன். என் மனைவி வேண்டாம் என்றாள். நான் செய்யாவிட்டால் வேறு யாராவது வருவான், அவன் கண்டபடி அறுத்துவிட்டுப் போவான், நான் செய்தால் வெட்டிய முனையைச் சுவரின் மேல் ஒரு தாங்குகட்டை வைத்தாவது உட்கார வைப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்யக் கூடாததைச் செய்யப் போகிற எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். நகரசபையில் ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கலாம். யாதீராவுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். இப்போது தோன்றுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏறினேன். ஒலிந்தா பக்கத்துக் கைமரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ரம்பத்தை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு இழுப்பு இழுத்திருப்பேன். மெஷின் நின்றது. நானும் நிறுத்தினேன். கீழே ஒலிந்தா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி கொதித்து வருகிற நேரம் வரைக்கும் யாரும் அசையவில்லை. ரேடியோவும் பாடவில்லை. பிறகு மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒலிந்தா தலையை அசைத்தாள். நான் அறுத்தேன்.

தாங்குகட்டை வைத்தேன். அது உண்மை. அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது என்பது பொய்.

ஒலிந்தாவின் பாதி அழகாக வந்தது. வைரம் பாய்ந்த மரம், ஒவ்வொரு கைமரத்துக்கும் மருந்து, புது மச்சுப்பலகை. சுவர் முகடு வரைக்கும் ஏறியது. மே மாதத்திலிருந்து ஐந்து மாதம் அவள் வீட்டில் ஒரு எலி இல்லை, ஒரு வௌவால் இல்லை. சாயங்காலம் கதவைத் திறந்துபோட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வந்து பாருங்கள் என்று போகிறவர் வருகிறவரைக் கூப்பிடுவாள். அண்ணாந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உட்கார்ந்து யாரும் காப்பி குடித்ததாக நினைவில்லை.

அக்டோபரில் ஒன்பது நாள் விடாத மழை. ஓடு தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. பத்தாம் நாள் காலை, சந்தை நேரம், பெத்சபே பக்கத்துக் கூரை நடுவில் மடிந்து உள்ளே விழுந்தது. நான் ஓடியபோது தெருவே புழுதியாக இருந்தது. மெஷின் மேசைதான் அவளைக் காப்பாற்றியது. சத்தம் கேட்டதும் அதன் அடியில் குனிந்துவிட்டாள். வலது கை மட்டும் வெளியே இருந்திருக்கிறது. ஒரு கைமரம் அதன் மேல் விழுந்திருந்தது.

நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஒலிந்தா கையில் ஒரு துண்டோடு தன் வாசல்படி வரைக்கும் வந்து நின்றாள். அதற்கு மேல் அவள் கால் வரவில்லை. பெத்சபேயை அவளைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள். முகமெல்லாம் செம்மண், கண் திறந்திருந்தது. அக்காவைப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒலிந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

யாதீரா வந்து அம்மாவைக் கார்த்தஹேனாவுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அந்தப் பாதி அப்படியே கிடந்தது.

அதன் பிறகுதான் ஒலிந்தாவுக்கு உண்மையான பூச்சிக் காலம் வந்தது. இடிபாட்டில் முதல் மழைக்கே செடி முளைத்தது. உடைந்த ஓட்டிலும் பானையிலும் தண்ணீர் தேங்கி, தெரு முழுக்கக் கொசு. இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு டெங்கு வந்தபோது எல்லாரும் ஒலிந்தாவைத்தான் முறைத்தார்கள். எலிகள் செங்கல்லைக் குடைந்தன. அக்கம்பக்கத்தார் குப்பையை அங்கே வீசினார்கள். நான் கட்டிய சுவர் உள்சுவர்; மழை தாங்கக் கட்டியதல்ல. அது நனைந்து, ஊறி, பூச்சு பாளம் பாளமாக அவள் பக்கம் விழுந்தது. ஈரச் சுவருக்குள்ளேயே கரையான் மேலேறியது. வைரம் பாய்ந்த உத்திரத்தைத் தொடவில்லை. கதவு நிலை, அலமாரி, கட்டில் கால், ஒலிந்தாவின் ஓய்வூதியக் காகிதங்கள் இருந்த பெட்டி எல்லாவற்றையும் தின்றது. அடுத்தவர் இடத்தில் நுழைந்து மருந்தடிக்க அவளுக்கு உரிமை இல்லை. நுழையச் சொல்லி நான் கெஞ்சினேன். யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். சட்டம் சட்டம்தான் என்றாள்.

அந்தப் பாதியை விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மூன்று கடிதம் எழுதினாள். பதில் இல்லை. கடைசியில் ஒரு நாள் விடியற்காலை என் வீட்டுக்கு வந்து, கார்த்தஹேனாவுக்கு வர முடியுமா என்று கேட்டாள். அளவு பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். எனக்கும் அங்கே சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. போனேன்.

யாதீராவின் வீடு ஒரு மேட்டில் இருந்தது, சிமென்ட் வீடு. பெத்சபே முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. நடு இரண்டு விரலும் உள்பக்கம் மடங்கியிருந்தன. நாங்கள் உட்கார்ந்தோம். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒலிந்தா தங்கையிடம் நேராகப் பேசினாள். வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள், நியாயமாகத் தருவதாகச் சொன்னாள். கவுண்டரில் படகு நேரம் சொல்கிற அதே குரல்.

பெத்சபே மடியில் கிடந்த கையை இன்னொரு கையால் எடுத்து வைத்துக்கொண்டாள். "ரம்பச் சத்தம் கேட்டுச்சு," என்றாள். "மெஷினை நிறுத்தினேன். நீ கூப்பிடுவேன்னு நெனச்சேன். வெட்டுறோம், வெளிய வா அப்படின்னு ஒரு வார்த்தை."

"நீ வந்து நிறுத்தச் சொல்லுவேன்னு நான் நின்னேன்," என்றாள் ஒலிந்தா.

"வந்திருப்பேன். நீ கூப்பிட்டிருந்தா."

நான் குறுக்கே விழுந்து, அறுத்தது நான்தான், மறுத்திருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று ஏதோ உளறினேன். பெத்சபே என்னைப் பார்த்து, "நீங்க கூலிக்கு வந்தவரு, மேஸ்திரி. காப்பி ஆறுது, குடிங்க," என்றாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"கை எப்படி இருக்கு?" என்று ஒலிந்தா கேட்டாள்.

"ஊசி புடிக்க முடியல."

"அந்த இடத்தைக் குடுத்துடு, பெத்சபே."

"குடுக்க மாட்டேன். அப்படியே கெடக்கட்டும். நீ பாத்துக்கிட்டே இரு."

ஒலிந்தா எழுந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.  எல் கார்மெனில் வண்டி நின்று ஆட்கள் ஏறி இறங்கியபோது, "அந்த விரலைச் சரியா கட்டல," என்றாள். "கட்டும்போதே நேரா வச்சிருக்கணும். நான் கூட இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்." 

அதற்குப் பிறகும் நான்கு வருஷம் ஒலிந்தா தன் பாதியில் தாக்குப்பிடித்தாள். பெத்சபே இறந்த செய்தி அவளுக்கு ஒரு வாரம் கழித்து, துறையில் பழைய சிநேகிதி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. யாதீரா அம்மாவின் பங்கை ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரருக்கு விற்றாள். அவர் ஒலிந்தாவின் பங்கையும் கேட்டார். முதல் விலைக்கே தலையாட்டிவிட்டாள். ஒரே வாரத்தில் சுவரும் இரண்டு பாதியும் தரைமட்டமாயின. இடிக்கிற வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒலிந்தாவுக்கு எழுபத்தொரு வயது. ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது; கட்டிலுக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. ஒரு ஓடு விலகியிருக்கிறது, அவ்வளவுதான். ஏணி இருந்தால் ஐந்து நிமிஷ வேலை, இப்போதே ஏறிச் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். அவள் மேலே பார்க்கக்கூட இல்லை.

"விடுங்க மேஸ்திரி. அது வீட்டுக்காரர் பாடு," என்றாள்.

நானும் அவளுமாகக் கட்டிலைப் பிடித்து மறுபக்கம் நகர்த்தினோம். ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, மழை விட்டதும் போகலாம், உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். மழை விட ரொம்ப நேரமாயிற்று.